சின்ன காருக்கு நல்ல பிரேக்: பேடு மாற்றி, ஆயில் மாற்றி, ஏர் எடுக்கும் முறை

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. நான்கு பேரையும் அவர்கள் பைகளையும் சேர்த்தால் ஓர் ஆல்ட்டோவின் எடை ஏறத்தாழ 1000 கிலோ. அந்த வண்டி 1000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கினால், வழியில் கழித்தாக வேண்டிய ஆற்றல் சுமார் 98 லட்சம் ஜூல். மின்வாரியக் கணக்கில் சொன்னால் 2.7 யூனிட்: 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை இரண்டே முக்கால் மணி நேரம் ஓடவிட்ட சூடு. 80 கி.மீ. வேகத்தில் வந்து முழுதாக நிறுத்துவதை 40 தடவை செய்ததற்குச் சமம். கீழ் கியரில் இறங்கினால் இதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நான்காவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அத்தனை சூடும் சக்கரங்களுக்குப் போகும், அதிலும் முன்சக்கரங்களுக்கே அதிகம்.

அடிவாரம் வரும்போது பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. ஊருக்கு வந்ததும் "பெரிய டிஸ்க் போடணும், என்ன செலவாகும்?" என்று கேட்கிறார்கள். தொண்ணூறு சதவீதம் பேருக்குப் பெரிய டிஸ்க் தேவையில்லை என்பது என் கருத்து. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகடு. அவர்கள் வண்டியில் பிரேக் ஆயில் கொதித்திருக்கும், டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும் பேடு தேய்ந்திருக்கும், பின்சக்கர டிரம்முக்குள் விரிந்து உரசும் ஷூ தளர்ந்திருக்கும். இந்த மூன்றையும் சரிசெய்துவிட்டு அதே மலைக்குப் போய்ப் பாருங்கள். அதன் பிறகும் போதவில்லை என்று தோன்றினால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

இந்தக் கட்டுரை முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள சிறிய கார்களுக்கானது. ஆல்ட்டோ, வேகன்-ஆர், சாண்ட்ரோ, இண்டிகா என்று நம் தெருக்களில் ஓடும் பெரும்பாலான சிறு வண்டிகள் இந்த வகைதான்.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

முதலில் டயர். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. காரை நிறுத்துவது டயர். டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கோடுகள் ஆழமாக இருந்தாலும் ஆறேழு வயதான ரப்பர் கல்லாகியிருக்கும். அந்த டயரை வைத்துக்கொண்டு பிரேக்கில் பணம் போடுவது வீண்.

அடுத்தது ஆயில். பிறகு பேடு. அதன் பின் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ்கள். பத்து வயது தாண்டிய வண்டியில் ஹோஸை வளைத்துப் பார்த்தால் மேலே மயிரிழை விரிசல்கள் தெரியும். பெடலை மிதிக்கும்போது அது லேசாக உப்பும். அந்த அளவு பிடிமானம் குறையும். ஸ்டீல் வலை பின்னிய ஹோஸ் போட்டால் பெடல் இறுக்கமாகிறது என்று சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி பழைய ரப்பர் போனதால் வருவது. கம்பெனி ஹோஸ் புதிதாகப் போட்டாலும் கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கும்.

டிஸ்க்கைத் தேய்ந்தால் மாற்ற வேண்டும், அழகுக்காக அல்ல. அதன் விளிம்பில் அல்லது நடுப்பகுதியில் குறைந்தபட்சத் தடிமன் மி.மீ. கணக்கில் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். துளை போட்ட டிஸ்க், கோடு கிழித்த டிஸ்க் எல்லாம் பந்தயத் தடத்தில் தொடர்ந்து அடிபடும் வண்டிக்கு. அண்ணா சாலை நெரிசலில் அவற்றால் ஒரு நன்மையும் இல்லை. துளையின் ஓரத்தில் விரிசல் விழுவதுதான் மிச்சம்.

பெரிய டிஸ்க்? 12 அங்குல ரிம்முக்குள் அதற்கு இடமே கிடையாது. ரிம்மையும் மாற்றி, பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரையும் மாற்றி, பெடல் விசையை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டால் பெடல் பயணம் கூடும். பின் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் பொருத்துவது இன்னும் மோசம். திடீரென்று மிதிக்கும்போது எடை முன்பக்கம் சாய, இலேசான பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரமாகச் சுற்றும். அப்படி ஆகக் கூடாது என்றுதான் கம்பெனிக்காரன் பின்பக்க அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு வைத்திருக்கிறான். ஹேண்ட் பிரேக்குக்கும் வேறு வழி பார்க்க வேண்டும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பது இதைத்தான்.

ஆகவே ஆயில், பேடு, ஹோஸ். இவற்றில் கைவைத்தால் போதும்.

ஆயில் ஏன் கெடுகிறது

பெடலில் கால் வைத்தால் பூஸ்டர் அந்த விசையைப் பெருக்கி மாஸ்டர் சிலிண்டருக்குத் தருகிறது. அங்கிருந்து ஸ்டீல் பைப் வழியாகவும், பிறகு ரப்பர் ஹோஸ் வழியாகவும் அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. திரவத்தை அமுக்க முடியாது, அதனால் கால் கொடுத்த விசை குறையாமல் போய்ச் சேர்கிறது. காற்றை அமுக்கலாம். குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் கால் விசையில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். பெடல் மெத்தென்று இருப்பதற்கு அதுதான் காரணம்.

பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர, அது எண்ணெய் வகை அல்ல. கிளைக்கால் (glycol) என்னும் வேதிப்பொருள் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதுவும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவே மெல்ல உறிஞ்சும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்குகிறது. ஆயிலின் தரத்தை டாட் (DOT) எண்ணால் குறிப்பார்கள். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பின் அந்த எல்லை 140. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. மலையில் இறங்கும்போது காலிப்பருக்குள் 140 டிகிரி எட்டுவது பெரிய விஷயமே இல்லை. எட்டியதும் நீர் ஆவியாகிறது, ஆவி என்பது காற்றுக்குமிழி மாதிரிதான், பெடல் தரையைத் தொடுகிறது. அரை மணி நேரம் வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் ஆவி மறுபடி திரவமாகி பெடல் திரும்பிவிடும். அதனால்தான் "சர்வீஸ்ல காட்டினேன், எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னாங்க" என்று பலர் சொல்கிறார்கள்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு வைத்திருப்பது சும்மா இல்லை.

எந்த ஆயில் என்பது மாஸ்டர் சிலிண்டர் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம், கலந்தாலும் கெடாது. டாட் 4 கேட்கும் வண்டியில் டாட் 3 கூடாது. டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிக்கான். 5.1-ஐயும் அதையும் பெயரைப் பார்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், நம் வண்டிகளில் டாட் 5 சேரவே சேராது. மலைப்பயணம் அடிக்கடி உண்டென்றால் டாட் 4 போடுங்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சின்ன காருக்கு நான் சொல்லும் முதல் அப்கிரேடு இதுதான். செலவு சில நூறு ரூபாய்.

வாங்க வேண்டியவை

ஆயில், அரை லிட்டர் டப்பா இரண்டு. சீல் உடையாததாக இருக்க வேண்டும். கடைக்காரர் "அண்ணே, போன வாரம் பிரிச்சதுதான், பாதி இருக்கு, சும்மாவே எடுத்துக்கங்க" என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். திறந்த டப்பா ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டில் மிஞ்சுவதையும் அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

பேடு விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். பிரேக்ஸ் இந்தியா 1962-லிருந்து சென்னை பாடியில் இருக்கிறது, ராணேயின் பிரேக் லைனிங் ஆலை அம்பத்தூரில். கம்பெனி உதிரிப்பாகமாகவோ இப்படித் தெரிந்த பெயராகவோ, பில்லோடு வாங்குங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு, மற்ற ஊர்களில் கம்பெனி டீலரின் ஸ்பேர்ஸ் கவுன்டர். பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவும் பம்பரும் வாங்குங்கள், தப்பில்லை. பிரேக் சாமான் மட்டும் அங்கே வேண்டாம். பாதி விலைக்குக் கிடைக்கும் போலிப் பேடு, சூடேறியதும் தகட்டிலிருந்து பெயர்ந்து வரும்.

"ஸ்போர்ட்ஸ்" என்று பெயர் போட்ட பேடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பல சூடேறிய பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். காலையில் வண்டியை எடுத்ததும் தெருமுனையில் குறுக்கே ஓடும் நாய்க்கு, குளிர்ந்த நிலையிலேயே பிடிக்கும் சாதாரணப் பேடுதான் நல்லது.

பிறகு: காற்றையும் ஆயிலையும் வெளியேற்றும் திருகான ப்ளீடர் நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ.), நிப்பிளில் இறுக்கமாக உட்காரும் ஒரு முழம் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் (மீன் தொட்டிக் கடையில் கிடைப்பதே போதும்), ஒரு பிளாஸ்டிக் பாட்டில், மருந்துக் கடையில் 50 மி.லி. சிரிஞ்சு, பிரேக் கிளீனர் ஸ்பிரே, பனியன் வேஸ்ட், கம்பி பிரஷ், சிலிக்கான் கிரீஸ், ஒரு வாளித் தண்ணீர். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள சி-கிளாம்ப். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. போல்ட்டுகளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

கட்டாயம் வேண்டியது, தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே உடம்பைக் கொடுக்கக் கூடாது. செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை எச்சரிக்காமல் நொறுங்கும்.

யார் இதைத் தொடக் கூடாது

ஸ்டீல் பைப்பில் துரு ஏறியிருந்தால், எங்காவது கசிவு இருந்தால், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) விளக்கு எரிந்துகொண்டிருந்தால் நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். 2019 ஏப்ரலிலிருந்து வந்த புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் உண்டு. அவற்றிலும் கீழே சொல்லும் முறையில் ஆயில் மாற்றலாம், ஒரு நிபந்தனையோடு: டப்பா ஒரு விநாடிகூடக் காலியாகக் கூடாது. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் பல வண்டிகளில் ஸ்கேனர் போட்டுத்தான் எடுக்க முடியும்.

முதல் தடவை, இதைச் செய்து பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்படத் தேவையில்லை. பிரேக்கில் பாதி தெரிந்தால் போதாது.

முன் பேடு மாற்றுவது

சமதளமான இடம். வண்டி ஆறியிருக்க வேண்டும். முதல் கியரில் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே வீல் நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்திவிடுங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கி, மேனுவல் காட்டும் இடத்தில் ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஒருமுறை குலுக்கிப் பாருங்கள். அசையவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றி, வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஸ்டாண்டு சரிந்தாலும் அது தாங்கும்.

உள்ளே சேர்ந்திருக்கும் கறுப்புத் தூசியை ஊதவோ காற்று அடிக்கவோ வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கிளீனரை அடித்து ஈரமாக்கித் துடைத்தெடுங்கள்.

காலிப்பரின் பின்புறம் இரண்டு போல்ட்டுகள். பல வண்டிகளில் கீழ்ப்போல்ட்டை மட்டும் கழற்றினால் காலிப்பரை மேலே திருப்பிவிடலாம். முழுதாகக் கழற்றினால் அதை ஹோஸில் தொங்க விடாதீர்கள், ஹோஸின் உள்ளே கிழிந்தால் வெளியில் தெரியாது. ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பழைய பேடுகளை எடுக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்பேடு எது, வெளிப்பேடு எது, தேய்ந்தால் கீச்சிடும் அந்தச் சின்னத் தகடு எந்தப் பக்கம் என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் மறந்துபோகும்.

பழைய பேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் நல்லது. ஒன்று தகடு வரை போய் மற்றது பாதி இருந்தால், காலிப்பர் வழுக்கி நகர்வதற்கான ‘பின்’ (pin) என்ற கம்பி இறுகிப்போயிருக்கிறது. நம் ஊர் மழையிலும் சேற்றிலும் இது சகஜம். அந்தப் பின்னை வெளியே இழுத்துத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவி, ரப்பர் உறையைச் சரியாக உட்கார வையுங்கள். கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வீல் பேரிங்கிற்குப் போடும் கிரீஸை இங்கே போட்டால் ரப்பர் உப்பி மறுபடி இறுகும். புது பேடு போட்டும் பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது என்று வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இந்தப் பின்னைத்தான்.

புது பேடு தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். நேராகத் தள்ளினால் காலிப்பருக்குள் இருக்கும் அழுக்கு ஆயில் மேலே ஏறி, ஏபிஎஸ் வழியாகப் போய், டப்பாவில் நிரம்பி வழியும். எப்படியும் ஆயில் மாற்றப்போகிறோம் என்பதால் நிப்பிளில் டியூப் மாட்டி, அதைத் தளர்த்திக்கொண்டு தள்ளுங்கள். மோசமான ஆயில் வெளியே வந்துவிடும். பிஸ்டன் உள்ளே போனதும், கிளாம்ப்பை எடுக்கும் முன், நிப்பிளை மூடுங்கள்.

பேடு உட்காரும் இடங்களைக் கம்பி பிரஷால் தேய்த்து, புது பேடுகளை மாட்டி, போல்ட்டை மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். பேடின் முகத்திலும் டிஸ்க்கிலும் கிரீஸ் விரல் படக் கூடாது. பட்டால் கிளீனர் போட்டுத் துடையுங்கள். பிறகு அடுத்த பக்கம். ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள்.

பின் டிரம்மைப் பற்றிச் சுருக்கமாக. ஆல்ட்டோ போன்ற பல சிறு கார்களில் டிரம்மோடு வீல் பேரிங்கும் சேர்ந்து வரும், நடுநட்டைக் கழற்ற வேண்டும், திரும்ப இறுக்கும் அளவு பிசகக் கூடாது. ஷூவின் ஸ்பிரிங்குகளும் புதியவர் கைக்கு அடங்காது. முதல் தடவை அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஆனால் கண்டிப்பாகச் செய்யச் சொல்லுங்கள். ஷூ தளர்ந்த வண்டியில் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் முதல் மிதியில் பெடல் ஆழமாகவே போகும், இரண்டாவது மிதியில் மேலே வரும். அது காற்று அல்ல, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே உள்ள இடைவெளி.

ஏர் எடுப்பது

குழாயில் உள்ள காற்றையும் பழைய ஆயிலையும் நிப்பிள் வழியாக வெளியேற்றுவதுதான் ஏர் எடுப்பது. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில். எஞ்சின் ஓடக் கூடாது. பெடலைச் சில முறை மிதித்துப் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள்.

முதலில் டப்பாவின் மூடியைச் சுற்றித் துடையுங்கள், மண் உள்ளே விழக் கூடாது. சிரிஞ்சால் பழைய ஆயிலை முடிந்தவரை உறிஞ்சி எடுங்கள். ஆனால் டப்பாவின் அடியிலுள்ள துளைகள் தெரியும் வரை போகாதீர்கள். புது ஆயிலை மேல்கோடு வரை ஊற்றுங்கள். பழைய டீத்தூள் நிறத்துக்கும் புது ஆயிலின் வெளிர்மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசமே உங்களுக்கு அளவுகோல்.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது? சிறு கார்களில் பிரேக் குழாய்கள் குறுக்காகப் பிரிந்திருக்கும்: ஒரு பின்சக்கரமும் எதிர்ப்புற முன்சக்கரமும் ஒரு ஜோடி. ஒரு ஜோடி போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும் என்பதற்காக இந்த ஏற்பாடு. மாஸ்டர் சிலிண்டர் நம் வண்டிகளில் வலப்பக்கம். அதற்கு மிகத் தொலைவில் இருப்பது பின் இடது. ஆகவே பின் இடது, முன் வலது, பின் வலது, முன் இடது. மேனுவல் வேறு வரிசை சொன்னால் மேனுவல் சொன்னபடி.

நிப்பிளின் தொப்பியை எடுத்து, சுற்றியுள்ள துருவைத் தேய்த்து, துருவை இளக்கும் ஸ்பிரே அடித்துக் கால் மணி நேரம் விடுங்கள். நிப்பிள் உள்ளே துளை உள்ள சின்னத் திருகு. முரட்டுத்தனமாகத் திருகினால் முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். ரிங் ஸ்பேனரை முதலில் மாட்டி, அதன் மேல் டியூபை மாட்டுங்கள். டியூபின் மறுமுனை, பாட்டிலில் சிறிது புது ஆயில் ஊற்றி அதற்குள் முங்கியிருக்க வேண்டும். டியூப் நிப்பிளிலிருந்து கொஞ்சம் மேலே போய் வளைந்து இறங்கட்டும், குமிழிகள் தெளிவாகத் தெரியும்.

இனி இருவருக்கும் இடையே உள்ள பேச்சுதான் முக்கியம்.

கீழே இருப்பவர்: "அடி."
மேலே இருப்பவர் மெதுவாக மூன்று நான்கு முறை மிதித்து, கடைசி மிதியில் காலை எடுக்காமல்: "பிடிச்சிருக்கேன்."
கீழே இருப்பவர் நிப்பிளைக் கால்சுற்று, மிஞ்சினால் அரைச்சுற்றுத் திறக்கிறார். ஆயில் பீய்ச்சிக்கொண்டு டியூபில் வரும், பெடல் உள்ளே இறங்கும். ஓட்டம் ஓயும் முன் மூடுகிறார்.
மூடிய பிறகுதான்: "விடு."

மேலே உட்கார்ந்திருப்பவர் மாமனாராக இருந்தால் "விடுங்க மாமா" என்று நீட்டிச் சொல்லலாம், ஆனால் நிப்பிளை மூடிய பிறகு. திறந்திருக்கும்போது கால் எடுத்தால் வெளிக்காற்றை அப்படியே உள்ளே இழுத்துவிடும், மறுபடி முதலிலிருந்து.

பெடல் தரை வரை போகாமல் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். பல ஆண்டு ஓடிய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துருவும் அழுக்கும் இருக்கும். அங்கே ரப்பர் சீல் உரசினால் கிழியும். ஏர் எடுத்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போன வண்டிகள் பலவற்றின் கதை இதுதான்.

நாலைந்து முறைக்கு ஒருதடவை டப்பாவைப் பாருங்கள். பாதிக்குக் கீழே இறங்கவே விடக் கூடாது. பின்சக்கரத்துக்குக் குழாய் நீளம், அதனால் அங்கே நேரம் ஆகும். டியூபில் புது நிறம் வந்து, குமிழி நின்ற பிறகும் இரண்டு முறை கூடுதலாக எடுங்கள். நிப்பிளை அளவாக இறுக்கி, தொப்பி போட்டு, அடுத்த சக்கரத்துக்குப் போங்கள். வடிந்த ஆயிலைத் திரும்ப டப்பாவில் ஊற்ற வேண்டாம், எத்தனை சுத்தமாகத் தெரிந்தாலும்.

பெயின்ட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துடைத்தால் போகாது, பெயின்ட்டை அரித்துவிடும். அதற்குத்தான் அந்த வாளி. கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

ஒற்றை ஆளாகச் செய்ய ஒருவழி வால்வு வைத்த டியூப், காற்றை உறிஞ்சும் கைப்பம்பு எல்லாம் விற்கிறார்கள். கைப்பம்பு உறிஞ்சும்போது நிப்பிளின் மரை வழியாகவே காற்று வந்து குமிழி காட்டும். இன்னும் காற்று இருக்கிறது என்று நினைத்து ஒரு லிட்டர் ஆயிலையும் தீர்த்துவிடுவீர்கள். இரண்டு ஆள், ஒரு டியூப் முறைக்கு ஈடாக எதையும் நான் பார்க்கவில்லை.

பெடல் என்ன சொல்கிறது

நான்கும் முடிந்ததும் எஞ்சினைப் போடாமல் மிதியுங்கள். கல் மாதிரி நிற்க வேண்டும். அழுத்தமாக மிதித்தபடி அரை நிமிடம் வையுங்கள். மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. வெளியே ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள்சீல். அந்த வண்டியைத் தெருவில் எடுக்காதீர்கள்.

பிறகு பூஸ்டர். நாலைந்து முறை மிதித்து, காலை வைத்தபடியே எஞ்சினைப் போடுங்கள். பெடல் லேசாகத் தாழ வேண்டும். தாழாமல் கட்டையாக நின்றால் பூஸ்டரோ அதற்குப் போகும் வேக்குவம் குழாயோ பழுது. நிறுத்தும்போது பெடல் துடித்தால் டிஸ்க் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இல்லை. மெத்தென்றிருந்தால் இன்னும் காற்று.

பேடு மாற்றிய பின் முதல் மிதி எப்போதும் தரைக்குப் போகும், பிஸ்டன் பின்னால் இருப்பதால். வண்டி நின்ற இடத்திலேயே பெடல் மேலே வரும் வரை மிதித்துவிட்டுத்தான் கியரைத் தொட வேண்டும். வீட்டுவாசலில் கேட்டை இடிப்பவர்கள் இதை மறந்தவர்கள்.

வீல் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். காலி மைதானத்திலோ ஆளில்லாத தெருவிலோ 10 கி.மீ. வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா, சத்தம் வருகிறதா, நிறுத்திய பின் ஏதாவது ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறதா என்று கவனியுங்கள்.

புது பேடு உடனே முழுசாகப் பிடிக்காது. டிஸ்க்கில் அதன் மெல்லிய படலம் ஒன்று சீராக ஏற வேண்டும். வண்டிகள் இல்லாத ரோட்டில் 50-லிருந்து 10 வரை நிதானமாகக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். மறுபடி வேகம் எடுத்து, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி. பத்து முறை போதும். அதன் பின் பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது பிரேக்கை மிதித்தபடி சிக்னலில் நின்றால் பேடு பட்ட இடத்தில் மட்டும் படலம் ஒட்டி, பிறகு பெடல் துடிக்கத் தொடங்கும். முதல் 200 கி.மீ. வரை அவசர பிரேக்கைத் தவிர்க்கப் பாருங்கள்.

மறுநாள் காலையில் பானெட்டைத் திறந்து டப்பாவின் அளவையும், நான்கு நிப்பிளின் அடியில் ஈரத்தையும் பாருங்கள். ஒரு வாரம் கழித்து வீல் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டாமல் பாட்டிலை இறுக மூடி, "விஷம்" என்று எழுதி, பழைய எஞ்சின் ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள். அவர்களுடைய எஞ்சின் ஆயில் பீப்பாயில் கலக்காமல் தனியாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதாமல் வீட்டில் வைத்தால் யாராவது குளிர்பானம் என்று எடுத்துக் குடித்துவிடும் அபாயம் உண்டு.